அந்தப் படிப்பு படிச்சா என்ன வேலை கிடைக்கும்?

லண்டன் பக்கம் எந்தத் தமிழ் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், இலையில் சாம்பார் விழுவதற்குள் இந்தக் கேள்வி விழுந்துவிடும். "பொண்ணு என்ன படிக்குது?" டாக்டர், அக்கவுன்டன்ட், கம்ப்யூட்டர் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை. "எந்த யுனிவர்சிட்டி?" என்று பேச்சு சுலபமாக நகர்ந்துவிடும். நான் சொல்ல வேண்டிய பதில் "டிஜிட்டல் கல்ச்சர்". கேட்டவுடன் ஒரு சின்ன மௌனம்.

"ஓ, கம்ப்யூட்டரா?"

"இல்லைங்க, அது வேற."

"அப்போ மீடியாவா?"

"அதுவும் கொஞ்சம் இருக்கு."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, நம் மேல் உள்ள அக்கறையில், "அதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

கேட்பவர்களைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. நியாயமான கேள்வி. நானும் பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டுகிறவன். அதில் பாதி வருஷம் கடன் விண்ணப்பம் பார்த்தே போனது. பணம் எதற்கு, எப்படித் திரும்பி வரும் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் கிடையாது. மகள் சேர்ந்தது 2023-ல். இங்கே குடியிருப்பவர்களுக்கான கட்டணமே முதல் இரண்டு வருடம் தலா 9,250 பவுண்டு, மூன்றாம் வருடம் 9,535. ஆக மொத்தம் 28,035 பவுண்டு. சாப்பாடும் பஸ்ஸும் தனி. வங்கிக்காரன் வீட்டில் இப்படி ஒரு தொகை போகிறது என்றால் வரவு என்ன என்று பார்க்காமல் இருப்பானா? மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன். இந்த வருடம் உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி ஏதாவது பெயர் சொல்லிக்கொண்டு வந்து நிற்கலாம், இல்லையா?

முதலில் அந்தப் படிப்பு என்ன என்று சொல்லிவிடுகிறேன். இங்கே லண்டன் கிங்ஸ் காலேஜில் 'டிஜிட்டல் கல்ச்சர்' என்ற பெயரிலேயே பி.ஏ. பட்டம் இருக்கிறது. நார்வேயில் பெர்கன் பல்கலையிலும் அதே பெயரில் பாடப்பிரிவு உண்டு. நம் ஊர்ப்பக்கம் கல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்காரர்கள் தாகூரின் கையெழுத்துப் பிரதிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து, எந்த வரி எந்தப் பதிப்பில் எப்படி மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி 'பிசித்ரா' என்ற தளத்தை 2013-ல் வெளியிட்டார்கள். எல்லாம் ஒரே குடும்பத்து வேலைதான். கம்ப்யூட்டரை எப்படிக் கட்டுவது என்பது கம்ப்யூட்டர் சயன்ஸ். கம்ப்யூட்டர் வந்த பிறகு மனிதர்கள் எப்படிப் படிக்கிறார்கள், பேசுகிறார்கள், விற்கிறார்கள், ஏமாறுகிறார்கள், எதைச் சேமிக்கிறார்கள், எது தொலைகிறது என்று பார்ப்பது இது.

புதுசாகக் கிளம்பிய ஃபேஷன் என்றும் சொல்ல முடியாது. ரொபெர்தோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார் 1949-ல் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைப் போய்ப் பார்த்து, தாமஸ் அக்வினாஸ் எழுதிய லத்தீன் நூல்களின் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி போல ஓர் அடைவு செய்ய உதவி கேட்டார். கிட்டத்தட்ட முப்பது வருட வேலை. அச்சில் 56 தொகுதி. அட்டையில் ஓட்டை போட்டுச் சொற்களை ஏற்றியவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பூசாவின் பெயர் உலகத்துக்குத் தெரியும், அந்தப் பெண்களின் பெயர்களை ஆராய்ச்சியாளர்கள் சமீப வருடங்களில்தான் தேடி எடுத்தார்கள். "யார் பேர் மேல இருக்கு, யார் வேலை அடியில இருக்கு, இத ரெண்டையும் பார்க்கணும்ப்பா" என்றாள் மகள். வவுச்சர் பார்க்கிற எங்களுக்கு இது புதிதில்லை. கையெழுத்துப் போட்டவர் ஒருவர், பணம் வாங்கினவர் இன்னொருவர் என்றால் நாங்களும் நின்று பார்ப்போம்.

நிற்க. இனி வட்டவடை.

(உளுந்து வடையோடு சம்பந்தம் இல்லை. என் அலுவலகத்து ஆந்திரா நண்பர் இன்னும் நம்ப மறுக்கிறார் :-))

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக: மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் எல்லாம் தாண்டி, பாம்பாடும்சோலைக் காட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால் படிக்கட்டு படிக்கட்டாக ஒரு பள்ளத்தாக்கு தெரியும். அதுதான் எங்கள் ஊர். மூணாறிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். மாவட்டம் இடுக்கி, மாநிலம் கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ். ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை தமிழில். எங்கள் தாத்தா காலத்தில் கிளாவரை வழியாகக் கொடைக்கானலுக்கு நடந்தே போய்விட்டு வருவார்கள்.

முதல் வருடத்தில் மகளுக்கு ஒரு பாட வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஓர் இடத்தை எடுத்துக்கொள், இணையத்தில் அந்த இடம் எப்படித் தெரிகிறது, அந்தத் தோற்றத்தை உருவாக்கியது யார் என்று பார்த்து எழுது. கூடப் படித்தவர்கள் பாரிஸ், டோக்கியோ என்று போனார்கள். இவள் வட்டவடையை எடுத்தாள். இரண்டு மூன்று தடவை லீவுக்குப் போனதோடு சரி, அவளுக்கும் ஊருக்கும் அவ்வளவுதான் பழக்கம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தமிழை வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நான் நினைத்தது, நாலு வீடியோ பார்த்து நாலு பக்கம் எழுதுவாள் என்று. அவள் செய்தது எங்கள் ஆடிட்டர்கள் செய்கிற வேலை. ஓர் அட்டவணை போட்டாள். வீடியோ எந்த மொழியில், எடுத்தவர் எங்கிருந்து வந்தவர், எந்த மாதம் எடுத்தது, யார் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம், கடைசியில் எந்த விடுதியின் போன் நம்பர் வருகிறது. பெரும்பாலானவற்றில் வருகிறவர் பேசுகிறார், ஊர்க்காரர் பின்னால் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். மேகம், ஸ்ட்ராபெரி, கூடாரம், ஜீப். பூண்டு விளைவிக்கிறவருக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர் அபூர்வம்.

குறிஞ்சியும் அப்படித்தான். 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்து 2030. நீலமாக மலை மூடிய படங்களுக்குப் பஞ்சமே இல்லை. அதே 2006-ல்தான் கொட்டக்கொம்பூர், வட்டவடை கிராமங்களில் சுமார் 3,200 ஹெக்டேரைக் குறிஞ்சிமலை சரணாலயமாக அரசு அறிவித்தது. எல்லைக்குள் வந்த பட்டா நிலம் யாருடையது, எது செல்லும், எது செல்லாது என்ற கணக்கு பல வருஷம் இழுத்தது. ஊரில் குறிஞ்சி என்று சொன்னால் பாதிப் பேருக்குப் பூ ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு சர்வே நம்பர் ஞாபகம் வரும். அந்த இரண்டாவது குறிஞ்சி, அவள் பார்த்த வீடியோக்களில் இல்லவே இல்லை. பொய் என்று எதையும் சொல்ல முடியாது, படத்தில் இருக்கும் பூ நிஜப் பூதான். ஆனால் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கிறதைப் படிக்க ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். இல்லாததைப் படிக்கப் பல வருடம் ஆகும். இந்தப் பிள்ளைகளுக்கு அதை முதல் வருடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் வரவு என்று இதைக் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது வரவு, பெயர் சம்பந்தப்பட்டது.

எங்கள் பக்கத்துப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, தெரியும்தானே? காந்தல்லூர் வட்டவடை என்று இரண்டு ஊர்ப் பெயரும் சேர்த்து. ஆனால் பதிவேட்டில் அதன் பெயர் 'வெளுத்துள்ளி'. மலையாளச் சொல். மலைக்கு அந்தப் பக்கம், கொடைக்கானல் பூண்டுக்கு 2019-ல் குறியீடு கிடைத்தது. அங்கே பதிவான பெயர் 'மலைப்பூண்டு'. ஒரே மலைத்தொடர், பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டு பக்கமும் அதைப் பயிரிடுகிறவர்கள் வீட்டில் பூண்டு என்றுதான் சொல்கிறார்கள். மகள் தமிழில் 'மலைப்பூண்டு' என்று தேடினாள். கொடைக்கானல் வந்தது. வட்டவடை வரவில்லை. தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு மலைப்பூண்டு வாங்க நினைக்கிற ஒருவர் எங்கள் ஊரைக் கண்டுபிடிக்க, மலையாளச் சொல்லை அடிக்க வேண்டும்!

யார் மேலும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கேரளப் பதிவில் மலையாளப் பெயர் இருப்பது இயல்பு. ஆனால் பொருளின் மேல் ஒட்டும் விவரச் சீட்டில் எந்த மொழியில் என்ன எழுதுகிறோம் என்பதை வைத்துத்தான் அந்தப் பொருள் கண்ணில் படுவதும் படாமல் போவதும். இந்தச் சீட்டு எழுதும் வேலையை இவர்கள் ஒரு பாடமாகவே படிக்கிறார்கள். ஒரு படத்துக்கு, ஒலிப்பதிவுக்கு, பழைய கடிதத்துக்கு என்னென்ன விவரம் குறிக்க வேண்டும், ஒரே ஊருக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தால் என்ன செய்வது, நாளைக்கு வேறொருவர் தேடினால் எப்படிக் கிடைக்க வேண்டும் என்று.

இந்த வேலையின் அருமை நம் தலைமுறைக்குத் தெரியாதா என்ன? இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் தமிழில் ஒரு மின்னஞ்சல் வந்தால் முதல் கேள்வி "இது எந்த ஃபான்ட்?" என்பதுதானே. ஆளுக்கொரு எழுத்துரு, திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் எழுத்துக் குறியீட்டையும் விசைப்பலகையையும் பற்றி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அப்புறம் யூனிகோடு வந்து, தமிழ்நாடு அரசும் 2010-ல் அதை ஏற்றுக்கொண்டது. லட்சக்கணக்கான பேர் ஒரே மாதிரி எழுத ஒப்புக்கொண்ட பிறகுதான் நாம் நினைத்ததைத் தேடி எடுக்க முடிகிறது. இது கணினிப் பிரச்சினை மட்டும் இல்லை, மனிதர்கள் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்கிற பிரச்சினை.

மூன்றாவது கொஞ்சம் கசப்பான விஷயம்.

2023 கடைசியில் ஊரிலிருந்து என் பெரியம்மா மகன் போன் செய்தார். பூண்டு விற்கிறவர். எறணாகுளத்திலிருந்து ஒருவன் மொத்தமாக வாங்குகிறேன் என்று பேசி, அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்றிருக்கிறான். போனில் ஒரு கோரிக்கை வந்தது. அண்ணன் ரகசிய எண்ணை அடித்தார். பணம் வர வேண்டியதற்குப் பதில் போய்விட்டது. "தம்பி, பணம் வாங்குறதுக்குத்தான அமுக்குனேன், எப்படிப் போச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

வங்கிக்காரனாக எனக்கு வழி தெரியும். பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும், வாங்குவதற்கு வேண்டவே வேண்டாம். அவனிடமிருந்து வந்தது 'எனக்குப் பணம் கொடு' என்ற கோரிக்கை. யுபிஐ 2016-ல் வந்தபோதே இருந்த வசதி அது. நல்ல காரியத்துக்குத்தான் வைத்தார்கள். இப்படி ஏமாந்தவர்கள் நாடு முழுக்கப் பெருகியதால், தனி நபர்களுக்கு இடையே அந்தக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மகள் இதை வேறு கோணத்தில் பார்த்தாள். பெரியப்பாவைத் திட்டவும் இல்லை, 'எச்சரிக்கையாக இருங்கள்' என்று உபதேசமும் செய்யவில்லை. "பெரியப்பா, ஸ்க்ரீன்ல என்ன எழுதியிருந்துச்சு? எந்த மொழில? பட்டன் என்ன கலர்? அவன் போன்ல பேசிட்டே இருந்தானா?" என்று கேட்டாள். இங்கிலீஷில் ஒரு வரி, பெரிய எழுத்தில் தொகை, கீழே ஒரு பட்டன். காதில் ஒருவன் "சீக்கிரம் சேட்டா, லாரி நிக்குது" என்கிறான். அண்ணனுக்கு எழுத்தறிவு இல்லாமல் இல்லை. திரையை அவர் படிக்கிற விதம் ஒன்று, அதைச் செய்தவர் எதிர்பார்த்த விதம் இன்னொன்று. நடுவில் திருடன் நின்றுகொண்டான்.

கேரளத்தில் டிஜிட்டல் எழுத்தறிவுக்குக் குறைச்சலே கிடையாது. பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-லேயே தொடங்கியது. முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் மாநிலம் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்துக்கொண்டார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். போனைத் திறக்க, படம் அனுப்ப, பணம் கட்ட ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. இந்தத் திரை என்னை எதைச் செய்ய வைக்கப் பார்க்கிறது, இதில் யாருக்கு லாபம் என்று கேட்கிற படி. அதைக் கேட்க எல்லாரும் பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டு, ஆட்களிடம் பேசிப் பார்த்து, திரையை மாற்றச் சொல்கிறவர்கள் சிலராவது வேண்டும்.

இப்போது 'என்ன வேலை கிடைக்கும்' என்ற கேள்விக்கு ஒரு பதில் இங்கேயே கிடைக்கிறது பாருங்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி. வாடிக்கையாளர் ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே பணத்தை அனுப்பியிருந்தாலும், பெரும்பாலான நேர்வுகளில் 85,000 பவுண்டு வரை அவருக்குத் திருப்பித் தர வேண்டும். பணம் அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி. ஆக, எச்சரிக்கை வாசகத்தை மக்கள் ஏன் படிக்காமல் தாண்டுகிறார்கள் என்பது வங்கிகளுக்குப் பணப் பிரச்சினை. அதைக் கவனிக்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அருங்காட்சியகம், நூலகம், ஆவணக்காப்பகம், பத்திரிகை, மருத்துவமனைச் செயலி, அரசாங்க இணையதளம் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி ஆட்கள் தேவைப்படுகிறார்கள். டாக்டர் பட்டம் போல வாசலில் பெயர்ப்பலகை மாட்ட முடியாது, அவ்வளவுதான்.

நாலாவதுதான் என்னை ரொம்பத் தொட்டது.

இரண்டாம் வருடம் ஒரு வாய்மொழி வரலாற்று வேலை. ஊரில் இருக்கும் எங்கள் பெரிய தாத்தாவிடம் பேசிப் பதிவு செய்தாள். எண்பது தாண்டியவர், குரல் கணீரென்று இருக்கும். கிளாவரைப் பாதை, தலைச்சுமையாகப் பூண்டு கொண்டுபோனது, கிராண்டிஸ் மரம் வைத்த பிறகு ஓடை வற்றியது என்று வாரம் ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேசினார். ஆளைப் பதிவு செய்வதற்கு முன் பல்கலையில் அனுமதி வாங்க வேண்டும். என்ன கேட்கப் போகிறோம், எங்கே வைப்போம், யார் கேட்பார்கள், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று அவருக்குப் புரிகிற தமிழில் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அந்தத் தாளை என்னை வைத்துத் தமிழில் எழுதிக்கொண்டாள். நான் எழுதிய வங்கித் தமிழைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது தாத்தாவுக்குப் புரியாது, எனக்கே புரியல" என்று திருப்பிக் கொடுத்தாள். மூன்று தடவை மாற்றினோம். ஹி ஹி.

பேச்சை எழுத்தாக்க ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுப் பார்த்தாள். செய்தித் தமிழை நன்றாகவே எழுதுகிறது. தாத்தாவின் தமிழ் வந்ததும் தடுமாறியது. 'பூடு' என்பதைப் 'போடு' என்று எழுதியது. ஊர்ப் பெயர்களைத் தனக்குத் தெரிந்த வேறு சொற்களாக மாற்றிவிட்டது. படிக்கிறவருக்குச் சந்தேகமே வராதபடி சுத்தமான வாக்கியமாகவும் கொடுத்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. வரி வரியாகக் கேட்டுத் திருத்தினாள். புரியாத இடத்தில் தாத்தாவுக்கே போன் போட்டாள். எங்கெல்லாம் கருவி எழுதியது, எங்கெல்லாம் தான் திருத்தினாள் என்று தனியாகக் குறித்தும் வைத்தாள். எங்கள் அலுவலகத்தில் கணக்கு லெட்ஜரில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவோமே, அது மாதிரி.

ஒரு நாள் பேச்சு நிலத்துக்குப் போனது. யார் யாருக்கு எந்த வருடம் எப்படி எழுதிக் கொடுத்தார்கள் என்று தாத்தா பெயர் பெயராகச் சொன்னார். கேட்க அவ்வளவு சுவாரசியம். முடித்துவிட்டுச் சொன்னார், "தாயி, நெலத்துச் சமாச்சாரத்த மட்டும் வெளிய போட்டுறாத. பேரன் பேத்தியெல்லாம் இன்னும் ஒரே தெருவுலதான் இருக்காக."

அந்த நாற்பது நிமிடம்தான் அவள் சேகரித்ததிலேயே கனமான பகுதி. அதை வைத்தால் மதிப்பெண்ணும் கூடியிருக்கலாம். எடுத்துவிட்டாள். கட்டுரையில் 'ஒரு பகுதி, சொன்னவரின் விருப்பப்படி, சேர்க்கப்படவில்லை' என்று ஒரே ஒரு வரி. என்ன பகுதி என்றுகூடக் குறிப்புத் தரவில்லை. எனக்கு இதுதான் அந்த 28,035 பவுண்டில் பெரிய வரவு. கையில் போன் இருக்கிற எல்லாருக்கும் எதையும் வெளியிடத் தெரியும். எதை வெளியிடக் கூடாது என்று தெரிந்து, அதனால் வரும் நஷ்டத்தையும் ஏற்றுக்கொள்வதற்குப் பயிற்சி வேண்டும். வங்கியில் எங்களுக்கு முதல் நாளே ரகசியக் காப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாழ்க்கை முழுக்க அந்தப் பத்திரம் தேவைப்படும் போலிருக்கிறது.

இதெல்லாம் பட்டம் இல்லாமலே செய்தவர்கள் நம்மிடம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, தாராளமாக உண்டு. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தை ஆரம்பித்தார். உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து ராத்திரியில் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ப. பாண்டியராஜா சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு செய்து இணையத்தில் கொடுத்தார். பூசா செய்த அதே ஜாதி வேலை. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்கள் போன வலி ஈழத்தவர்களுக்குத் தெரியும். 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகங்கள் அவர் காலத்துக்குப் பிறகு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக 1994-ல் உருவெடுத்தன. 2003-ல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் சேர்ந்துவிட்டன.

வேதியியல்காரரும் கணித வாத்தியாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, தாங்களே தடுக்கி விழுந்து கற்றுக்கொண்ட வேலை இது. அதை ஒரு பிள்ளை பகல் நேரத்தில், வாத்தியார் வைத்து, முறைப்படி கற்றுக்கொள்ள முடிகிறது என்றால் நமக்கு நஷ்டமா? எங்கள் மாதிரிச் சின்ன ஊர்கள் இரண்டு மாநிலத்துக்கு நடுவில் கிடப்பவை. தமிழ்நாட்டுக் கணக்கிலும் சரியாக வராது, கேரளக் கணக்கிலும் சரியாக வராது. யாராவது ஒருவர் உட்கார்ந்து சரியான பெயரோடு, சரியான சம்மதத்தோடு எழுதி வைத்தால்தான் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகு செலவுப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கணக்கு சரி வராது.

இந்தப் படிப்பு படித்தவருக்கு ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் அளவுக்கு நிரல் எழுத வராது. மகளுக்குக் கொஞ்சம் பைத்தான் தெரியும், தரவைச் சுத்தம் செய்து வரைபடம் போடுவாள், அதோடு சரி. முதல் வேலையில் சம்பளம் கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்களுக்குக் கீழேதான் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். படித்ததை என்னவென்று சொல்லத் தெரியாவிட்டால் நேர்முகத் தேர்வில் திண்டாட்டம். செய்த வேலைகளை நாலு பேருக்குக் காட்டுகிற மாதிரி தொகுத்து வைத்திருக்க வேண்டும். மகள் தன்னுடைய வட்டவடை அட்டவணையையும், அண்ணன் ஏமாந்த திரையை மாற்றி வரைந்து காட்டியதையும் அப்படித்தான் வைத்திருக்கிறாள். கடைசியில் சொன்னதைப் பார்த்துத்தான் ஓர் இடத்தில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு எடுத்தார்கள்.

உங்கள் பிள்ளை இந்த மாதிரிப் படிப்புக்குப் போக ஆசைப்பட்டால், கல்லூரியின் திறந்த நாளில் போய் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். என் பிராஞ்சில் கடன் கேட்டு வருகிறவர்களிடம் கேட்பது போலச் சிரித்துக்கொண்டே கேளுங்கள். மூன்று வருடத்தில் பிள்ளை சொந்தமாகச் செய்து முடிக்கும் வேலைகள் எத்தனை? தரவைக் கையாளும் பாடம் கட்டாயமா, விருப்பமா? வெளியே ஒரு நிறுவனத்திலோ நூலகத்திலோ வேலை செய்யும் வாய்ப்பைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா, நாமே தேட வேண்டுமா? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே? நாலுக்கும் நேரான பதில் வந்தால் யோசிக்கலாம். மழுப்பினால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பிள்ளையிடமும் ஒன்று கேளுங்கள். "எதைப் பத்தி நீ ஒரு வருஷம் தோண்டிட்டே இருப்ப?" பதில் இல்லாத பிள்ளைக்கு இந்தப் படிப்பு வெறும் சமூக ஊடக அரட்டையாக முடிந்துவிடும்.

வருகிற மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம். தாத்தாவின் பேச்சு இரண்டு பென் டிரைவில் தயாராக இருக்கிறது. ஒன்று அவருக்கு, ஒன்று அண்ணன் வீட்டுக்கு. கோப்புக்குத் தேதியும் ஊர்ப் பெயரும் தமிழில். நிலத்துச் சமாச்சாரம் இருக்கும் பகுதி தாத்தா கையில் கொடுக்கும் டிரைவில் மட்டும். அதை யாரிடம் கொடுப்பது என்று அவர் முடிவு செய்துகொள்ளட்டும் என்கிறாள் மகள்.

உங்கள் வீட்டிலும் அலமாரியில் பழைய கேசட், நீல நிறத்து ஏர்மெயில் கடிதங்கள் எல்லாம் இருக்கும். அதில் யார் பேசுகிறார்கள், எந்த வருடம், எந்த ஊர் என்று தெரிந்த ஒருவர் இப்போது உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வார இறுதியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.